அண்டா மூடியைத் தட்டிய சனிக்கிழமை

"1. அல்வா, இரண்டு கிலோ. 2. பத்தமடைப் பாய், ஒன்று, ஓரம் சிவப்பு. 3. கருப்பட்டி, பாக்கெட்டில் அடைத்தது வேண்டாம். 4. பனங்கிழங்கு, ஒரு கட்டு. 5. கயல்."

நான் யாங்கோனிலிருந்து திருநெல்வேலிக்குப் புறப்பட்டபோது என் தங்கை எழுதிச் சட்டைப் பையில் வைத்த சீட்டு இது. தேதி 5 ஜனவரி 2026. மற்ற நான்குக்கும் அளவோ நிறமோ எச்சரிக்கையோ எழுதியவள், ஐந்தாவதற்கு மட்டும் ஒன்றும் எழுதவில்லை. கயல் அவளுடைய ஒரே மகள்.

எங்கள் நாட்டு நிலவரம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2020 நவம்பர் 8ஆம் தேதி பர்மாவில் பொதுத்தேர்தல் நடந்தது. எங்கள் ஊரிலும் பள்ளி ஆசிரியர்கள்தான் வாக்குச்சாவடியைக் கவனிப்பார்கள். கயல் கணக்கு டீச்சர். ஒரு சாவடிக்கு அவள்தான் தலைமை அதிகாரி. படைத்தரப்பின் கட்சி படுதோல்வி அடைந்தது. வாக்காளர் பட்டியலே மோசடி என்றார்கள். 2021 பிப்ரவரி 1, புதிய நாடாளுமன்றம் கூடவேண்டிய நாள். அன்று விடியும் முன்பே ராணுவம் ஆட்சியை எடுத்துக்கொண்டது. "ஒரு வருடம் மட்டும், பிறகு முறையான தேர்தல்" என்று அறிவிப்பு வந்தது. ஆசிரியர்கள் பலர் பள்ளிக்குப் போக மறுத்தார்கள். கயலும் மறுத்தாள். அவள்மீது வழக்குப் பதிவானது. அவள் எப்படி வெளியே வந்தாள் என்பதை எழுதப் போவதில்லை. இப்போது பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் கணிதம் மேற்படிப்பு படிக்கிறாள்.

அந்த ஒரு வருடம் நீண்டு நீண்டு, கடைசியில் 2025 டிசம்பர் 28 முதல் கட்டம் கட்டமாக ஒரு தேர்தல் நடக்கத் தொடங்கியது. அந்தச் சமயத்தில் எங்கள் வார்டு நிர்வாக அலுவலகத்து ஆள் ஒருவர் தங்கை வீட்டுக்கு வந்திருக்கிறார். கயல் திரும்பி வந்து, 2020இல் தன் சாவடியின் பட்டியலும் எண்ணிக்கையும் தவறு என்று கையெழுத்துப் போட்டால் வழக்கை மூடிவிடுவார்களாம், வேலையும் திரும்பக் கிடைக்குமாம். தங்கைக்கு அன்றிலிருந்து தூக்கமில்லை, சந்தோஷத்தில்.

நான் ஓய்வுபெற்ற அச்சகப் பிழைதிருத்துநர். நாள்தோறும் குறிப்பு எழுதும் பழக்கம் உண்டு. தனித்தனியாக இரண்டு பேர் சொல்லாத எதையும் நடந்ததாக எழுதுவதில்லை. ஒருவர் மட்டும் சொன்னால் ஓரத்தில் கேள்விக்குறி போட்டுவிடுவேன். தங்கை சொன்னதற்குக் கேள்விக்குறி போட்டுவிட்டுத்தான் விமானம் ஏறினேன். இதில் வரும் பெயர்கள் எல்லாம் மாற்றப்பட்டவை. தமிழில் எழுதினால் எங்கள் அதிகாரிகளுக்குப் படிக்கத் தெரியாது என்றாலும், படிக்கத் தெரிந்த மருமகன் யாருக்காவது இருந்துவிடலாம்.

12 ஜனவரி, திங்கள். பாளையங்கோட்டை. கயல் மாடியில் வாடகைக்கு இருக்கிறாள். கீழே வீட்டுக்காரர் எஸ்தர் டீச்சர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. வாசலில் நின்றே வகுப்பு எடுப்பதுபோல் பேசினார்.

"வாங்க அண்ணாச்சி. பைய ஏறுங்க, மூணாவது படி கொஞ்சம் ஆடும். ஏட்டி கயலு, ஒங்க மாமா பாதியா வந்திருக்காரு, மீதியப் பிளேன்லயே விட்டுட்டாரு போல."

நான் ஒல்லி என்பதை இதைவிட நயமாக யாரும் சொன்னதில்லை.

மதியம் உளுந்தஞ்சோறு. கறுப்பு உளுந்தும் அரிசியும் சேர்த்துப் பொங்கி, தேங்காயும் பூண்டும் போட்டு, தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். எங்கள் வீட்டில் அம்மா இதைத்தான் "கறுப்புச் சோறு" என்று செய்வார். பர்மிய உணவு என்றே இத்தனை காலம் நினைத்திருந்தேன். இரண்டாம் முறை சோறு வாங்கக் கையை நீட்டியபோது கயல் என் சுண்டுவிரலைப் பார்த்தாள். எங்கள் ஊரில் ஓட்டுப் போட்டால் சுண்டுவிரலை மையில் முக்குவார்கள். நகத்தடியில் அது இன்னும் போகவில்லை.

"ஓட்டுப் போடப் போகாவிட்டால் வீட்டுக்கு வந்து கேட்பார்கள்" என்றேன்.

"நான் கேக்கலியே மாமா" என்று துவையலை என் பக்கம் நகர்த்தினாள்.

நான் சீட்டை எடுக்கவில்லை. பேச்சை மாற்றியவர் எஸ்தர் டீச்சர்தான். அவருடைய சொந்த ஊர் சீவலப்பேரிக்கு அப்பால் ஒரு கிராமம். பெயரைச் சொன்னால் அடுத்த முறை என்னைச் சாப்பிடக் கூப்பிட மாட்டார்கள் என்பதால் விட்டுவிடுகிறேன். அங்கே ஒரு சின்னக் கோயில். இந்தப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் தேவாலயத்தைக் கோயில் என்றே சொல்கிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை அங்கே அசனம் நடக்கும். ஊரே சேர்ந்து சமைத்து, எல்லாச் சாதியும் எல்லா மதமும் வரிசையாக உட்கார்ந்து உண்ணும் விருந்து அது. வருகிற சனிக்கிழமை இந்த வருடத்து அசனம்.

"அதுல ஒரு கூத்து நடந்துட்டு அண்ணாச்சி. அசனக் கமிட்டித் தலைவருக்குத் தேர்தல் வச்சாங்க. செல்லத்துரை அண்ணாச்சிதான் நெடுங்காலமாத் தலைவர். இந்தத் தடவ பலசரக்குக் கடை வச்சிருக்க தங்கபுஷ்பம் நின்னா. அவ ஜெயிச்சிட்டா. இவரு என்ன செஞ்சாரு தெரியுமா? பாத்திர ரூமப் பூட்டி, சாவியப் பையில போட்டுக்கிட்டாரு. தூத்துக்குடியில குடியிருக்கவன்லாம் வந்து ஓட்டுப் போட்டுருக்கான், பட்டியலே தப்புங்காரு."

நான் சிரித்துவிட்டேன். கயல் சிரிக்கவில்லை.

"மறு தேர்தல் எப்ப வைப்பாராம்?" என்று கேட்டாள்.

"அதுவா? ஊர் நன்மைக்காக இன்னும் ஒரு வருசம் அவரே பாத்துக்கிடுவாராம். அதுக்கப்புறம் வைப்பாராம்."

கயல் கையில் இருந்த தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள். "ஒரு வருசம்" என்று பர்மிய மொழியில் தனக்குள் சொன்னது என் காதில் விழுந்தது.

13 ஜனவரி, செவ்வாய். கயலும் எஸ்தர் டீச்சரும் காலையிலேயே அந்த ஊருக்குச் சமாதானம் பேசப் போய்விட்டார்கள். நான் தனியாகப் பின்னால் வருவதாக ஏற்பாடு. சீவலப்பேரி பஸ் என்று கேட்டு, சாலையோரம் ஒழுங்காக நின்று, வந்த பஸ்ஸில் ஏறி, சன்னலோர இடமும் பிடித்தேன். ஆற்றுப் பாலம் வந்தது. தாமிரபரணியைப் பார்த்த மகிழ்ச்சியில் டிக்கெட் எடுப்பதை மறந்தேன். ஜங்ஷன் வந்தது. பிறகு நெல்லையப்பர் கோபுரம் வந்தது. அதற்கும் பிறகு பட்டறைகளும் தகரக் கொட்டகைகளும் வெல்டிங் வெளிச்சமும் வந்தன.

"எங்க போவணும்?" என்றார் நடத்துநர்.

"சீவலப்பேரி."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இது பேட்டை வே. சீவலப்பேரி அங்கன கெடக்கு, நீரு இங்கன வந்திருக்கீரு. எதுத்த பக்கம்லா நின்னுருக்கணும்."

குற்றம் என்னுடையது அல்ல, எங்கள் அரசாங்கத்துடையது. எங்கள் நாட்டில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுகின்றன. அரை நூற்றாண்டுக்கு முன், நான் சிறுவனாக இருந்தபோது, அப்போதைய படைத்தலைவர் ஒரே உத்தரவில் இடப்பக்கத்தை வலப்பக்கமாக்கினார். ஏன் என்று அவர் சொல்லவில்லை. சோதிடர் சொன்னார் என்று ஊரில் பேச்சு (கேள்விக்குறி). இதையெல்லாம் நான் விளக்கியபோது பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பி உட்கார்ந்து கேட்டார்கள்.

"அப்படின்னா முந்தின நாள் வரைக்கும் இடதுல போனவன் மறுநாள் வலதுலயா? எத்தன பேரு முட்டிக்கிட்டான்?" என்றார் பின்னால் இருந்தவர்.

"இங்க உத்தரவே வேண்டாம்லே, நம்ம ஆளுக ரெண்டு பக்கமும்தான் ஓட்டுதானுவ" என்றார் ஓட்டுநர்.

நடத்துநர் கீழே இறங்கி, சாலையின் மறுபக்கம் வரை என்னைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, "இங்கன நில்லும். அசையாதீரு" என்று சொல்லிப் போனார். டிக்கெட் பணத்தை வாங்க மறுத்துவிட்டார். ஒரு பட்டறைக்காரர் டீ வாங்கித் தந்தார். எங்கள் ஊர் டீயில் பாதி கெட்டிப்பால் இருக்கும், கரண்டி நிற்கும். இங்கே டீ லேசு, நுரைதான் பெரிது. ஆனால் பேச்சு கெட்டி.

சீவலப்பேரிக்குப் போய்ச் சேர்ந்தபோது சமாதானம் முடிந்திருந்தது, அதாவது முறிந்திருந்தது. செல்லத்துரை அண்ணாச்சி சாவியைத் தரவில்லை. திரும்பி வருகிற பஸ்ஸுக்காக மூவரும் நின்றோம். பிசானம் என்று இங்கே சொல்லும் மழைக்காலச் சாகுபடி நெல் இரு பக்கமும் பச்சையாக நின்றது. ஐராவதி டெல்டாவில் இதே பச்சைதான், வானம் மட்டும் இன்னும் தாழ்வாக இருக்கும். "ரெண்டு ஆறு சேருத இடம் மாமா இது" என்று கயல் காட்டினாள். நான் தலையாட்டினேன். சீட்டு சட்டைப் பையில்தான் இருந்தது.

14 ஜனவரி, புதன். என் தாத்தா கப்பலேறப் புறப்பட்ட ஊர் ஆழ்வார்குறிச்சி. அங்கே போய் யாரையாவது கண்டுபிடிக்கலாம் என்று நானும் கயலும் போனோம். யாரையும் கண்டுபிடிக்கவில்லை. மலை மட்டும் தாத்தா சொன்ன இடத்திலேயே இருந்தது. மறுநாள் பொங்கல், தெருவெல்லாம் கரும்பும் மஞ்சள்குலையும். தங்கையின் பனங்கிழங்கை அங்கேதான் வாங்கினேன்.

ஒரு டீக்கடைக்காரர் நாங்கள் பர்மா என்றதும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஒங்க ஊர்ல இப்ப யாரு ஆட்சி?"

"படைத்தலைவர்."

"ஏன், ஓட்டுக் கீட்டுக் கெடையாதா?"

"இருந்தது. ஜெயித்தவர்களை ஜெயிலில் போட்டுவிட்டார்கள்."

"எங்க ஊர்ல ஜெயில்ல கெடந்தவன் வெளிய வந்து ஜெயிப்பான். ஒங்க ஊர்ல ஜெயிச்சவன் உள்ள போறானா? தலைகீழால்லா இருக்கு!" என்று சொல்லிவிட்டு, உள்ளே இருந்த மனைவியிடம் அதையே மறுபடி சொல்லிச் சிரித்தார். கயலும் சிரித்தாள். நான் வந்த பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

15 ஜனவரி, வியாழன். பொங்கல். எஸ்தர் டீச்சர் வீட்டில் பொங்கல் வைப்பதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைமார் குடும்பத்திலிருந்து சர்க்கரைப் பொங்கலும் சொதியும் வந்தன. தேங்காய்ப் பாலில் காய்கறி போட்ட சொதியைக் குடித்தால் கோபம் வராது என்று எனக்குத் தோன்றியது. செல்லத்துரை அண்ணாச்சிக்கு ஒரு வாளி அனுப்பலாமே என்றேன். "அவரு வாளிய உள்ள வச்சுப் பூட்டிருவாரு" என்றார் டீச்சர்.

பதிலுக்கு இரவு கயல் மொகிங்கா செய்தாள். எங்கள் ஊரின் காலை உணவு அது. கெளுத்தி மீன் குழம்பில் வாழைத்தண்டு போட்டு, கடலைமாவு கரைத்து விட்டு, அரிசிச் சேமியாவின்மேல் ஊற்றிச் சாப்பிடுவோம். அரிசிச் சேமியாவுக்கு இங்கே இடியாப்பம். எஸ்தர் டீச்சர் ஒரு வாய் வைத்துவிட்டு, "இடியாப்பத்துல மீன் குழம்ப ஊத்திட்டு அதுக்கு ஒரு பேரு வச்சிருக்கீயளா?" என்றார். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார்.

பிறகு மாடியில் கயலிடம் சீட்டைக் கொடுத்தேன். படித்தாள். ஐந்தாவதில் விரலை வைத்தாள். பர்மிய மொழியில்தான் பேசினோம்.

"அம்மா எப்படி இருக்கிறாள்?"

"உன் கட்டிலுக்குப் புது உறை தைத்திருக்கிறாள்."

வார்டு ஆள் சொன்னதை அவளிடம் சொன்னேன். நான் எதிர்பார்த்ததுபோல் அவள் கோபப்படவில்லை. பாடம் நடத்துவதுபோல் நிதானமாகச் சொன்னாள்.

"அன்றைக்கு என் சாவடியில் இரண்டு முறை எண்ணினோம் மாமா. எல்லாக் கட்சி முகவர்களும் கையெழுத்துப் போட்டார்கள். தோற்ற கட்சி முகவர் எனக்கு வெற்றிலைகூடக் கொடுத்துவிட்டுப் போனார். மூன்று மாதம் கழித்து ஒருவர் வந்து, எண்ணிக்கை தவறு என்று எழுதித் தா என்றார். எந்த எண் தவறு, சரியான எண் எது என்று கேட்டேன். அதை மேலே இருந்து சொல்வார்கள் என்றார்."

"இப்போது கையெழுத்துப் போட்டால் வீட்டுக்கு வரலாம்."

"போட்டுவிட்டு நான் எந்த வகுப்பில் போய்க் கணக்கு நடத்துவேன்?"

அவளுக்கு வீட்டுக்குப் போக ஆசை இருந்தது. அதை அவள் மறைக்கவுமில்லை. புது உறை என்ன நிறம் என்று கேட்டாள். நீலம் என்றேன். ஏப்ரலில் படிப்பு முடிகிறது, அதோடு விசாவும் முடிகிறது. ஆராய்ச்சிப் படிப்புக்கு மனுப் போட்டிருக்கிறாள், பதில் வரவில்லை. அங்கே போனால் கையெழுத்து அல்லது சிறை. இங்கே இருந்தால் ஏப்ரல்வரை நிச்சயம், பிறகு தெரியாது. சனிக்கிழமைவரை யோசிக்கிறேன் என்றாள்.

17 ஜனவரி, சனி. அசனம்.

நாங்கள் போய் இறங்கியபோது கோயிலுக்குப் பின்னால் அடுப்புக் குழிகள் வெட்டி விறகு அடுக்கியிருந்தது. ஆட்டுக்கறி நறுக்கித் தயாராக இருந்தது. அரிசி களைந்தாகிவிட்டது. சமைக்க அண்டாதான் இல்லை. எல்லாம் பாத்திர அறைக்குள். தண்ணீர் பிடித்து வைத்த ஒரே ஒரு பழைய அண்டா மட்டும் வெளியே கிடந்தது. பூட்டிய கதவுக்கு முன்னால் நாற்காலி போட்டுச் செல்லத்துரை அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளை மீசை, சட்டைப் பையில் சாவியின் கனம். என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டு, பர்மாவில் தேக்கு என்ன விலை என்று விசாரித்தார். நல்ல மனிதர்தான். அதுதான் சங்கடம்.

"என் தலைமையில அசனம் நடத்துங்க, இப்பவே தெறக்கேன். நான் என்ன சோறு போட மாட்டேன்னா சொல்லுதேன்?" என்றார் கூட்டத்தைப் பார்த்து.

தங்கபுஷ்பம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எதிரே நின்றார். "ஓட்டுல தோத்துட்டுத் தலைமை என்னவே தலைமை? நீரு இத்தன வருசம் ஜெயிச்சப்ப இதே பட்டியல்தான. அப்ப ஏன் தப்பாத் தெரியல?"

"அப்ப நான் பாக்கல."

"வாடகைக்குப் பாத்திரம் எடுத்துருவோமா?" என்றார் ஒருவர்.

"ஊர் அண்டா உள்ள இருக்கையில வாடகை அண்டாவா? எடுத்தா அவரு ஜெயிச்ச மாதிரி" என்றார் தங்கபுஷ்பம்.

"போலீஸ்ட்ட சொல்லுவமா?"

"சொன்னா அவங்களும் பந்தியில உக்காருவாங்க. கறி பத்தாது."

பேச்சு இப்படியே சுற்றிச் சுற்றி வந்தது. வெயில் ஏறியது. கறியைப் பார்த்துச் சமையல்காரர் பெருமூச்சு விட்டார். கயல் என் பக்கத்தில்தான் நின்றாள். செல்லத்துரை அண்ணாச்சி மறுபடி, "ஒரே ஒரு வருசந்தான கேக்கேன்" என்றார். அதைச் சொன்ன மாத்திரத்தில் கயல் போய்ப் பழைய அண்டாவின் மூடியை எடுத்தாள், பெரிய கரண்டி ஒன்றையும் எடுத்தாள், தட்ட ஆரம்பித்தாள்.

எனக்கு மட்டும் அது என்னவென்று புரிந்தது. எங்கள் நாட்டில் வீட்டிலிருந்து பேயை விரட்ட வேண்டுமென்றால் தகரத்தையும் பாத்திரத்தையும் தட்டுவார்கள். பழைய வழக்கம். ராணுவம் ஆட்சியைப் பிடித்த மறுநாளிலிருந்து யாங்கோன் முழுக்க மாலையானால் வீட்டுக்கு வீடு இதைத்தான் செய்தோம். என் தங்கையின் நல்ல சட்டி ஒன்று அப்படித்தான் நசுங்கியது. கயல் கண்ணை மூடிக்கொண்டு தட்டினாள். நிறுத்துவதாக இல்லை.

ஆனால் இந்த ஊரில் அண்டா மூடியைக் கரண்டியால் தட்டினால் வேறு செய்தி. பந்தி தயார், வாருங்கள் என்று அர்த்தம். அது கயலுக்குத் தெரியாது. அசனத்தன்று காலையில் யாரும் பலகாரம் சாப்பிடுவதில்லை என்பதும் தெரியாது.

முதலில் ஓடை ஓரத் தெருவிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. பிறகு மேலத் தெரு. பிறகு பக்கத்து ஊர்க்காரர்கள். மீந்ததைக் கொண்டுபோக ஒவ்வொருவர் கையிலும் தூக்குவாளி. வந்தவர்கள் பாயை விரித்து, வரிசையாக உட்கார்ந்து, இலைக்காகக் கையையும் கழுவிவிட்டார்கள்.

"ஏட்டி, போதும் நிறுத்து! ஊரே வந்துட்டு!" என்று எஸ்தர் டீச்சர் கத்தினார். கயல் கண்ணைத் திறந்து பார்த்தாள். ஊரே உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

முதல் வரிசையில், எல்லோரையும்விடப் பெரிய தூக்குவாளியோடு ஒரு அம்மாள். "இலை எங்க? சோறு எங்க?" என்று கேட்டார்.

"ஒங்க வீட்டுக்காரரு பூட்டி வச்சிருக்காரு யக்கா. அவருட்ட கேளுங்க" என்றார் தங்கபுஷ்பம்.

அந்த அம்மாள் மெதுவாகத் திரும்பிச் செல்லத்துரை அண்ணாச்சியைப் பார்த்தார். சத்தம் போடவில்லை. "ஏன்வே, நான் காலையிலேருந்து பச்சத்தண்ணி குடிக்கல. ஜெபம் பண்ணிட்டு, இந்தா வாளியும் கையுமா உக்காந்திருக்கேன். ஒம்ம ஒரு வருசம் முடிஞ்சுதான் சோறா?" என்றார்.

பின் வரிசையில் யாரோ, "அதுவரைக்கும் நாங்க இங்கனயே உக்காந்திருக்கோம் அண்ணாச்சி, அவசரமில்ல" என்றார்கள். சிரிப்பு பந்தி முழுக்கப் பரவியது. செல்லத்துரை அண்ணாச்சி முதலில் முறைத்தார். பிறகு மீசையைத் தடவினார். பிறகு எழுந்தார். கதவைத் திறந்தார். திறந்துவிட்டுச் சாவியை மறுபடி தன் பையில் போட்டுக்கொண்டார். அதை நானும் எஸ்தர் டீச்சரும் பார்த்தோம், ஆகவே எழுதுகிறேன்.

அதற்கப்புறம் நடந்ததை வேகமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வேகமாகத்தான் நடந்தது. அண்டாக்கள் உருண்டன. உட்கார்ந்தவர்களே எழுந்து வெங்காயம் உரித்தார்கள். நான் தேங்காய் துருவினேன், பாதிக்குமேல் அனுமதிக்கப்படவில்லை. சாப்பாடு தாமதம்தான், ஆனால் பசியில் சாப்பிட்ட அந்தக் கறிக்குழம்புக்கு இணை எதுவும் இல்லை. முதல் இலையைக் கயலுக்குத்தான் போட்டார்கள். பரிமாற வந்தவர் செல்லத்துரை அண்ணாச்சி.

"ஏம்மா பர்மாக்காரி, உண்மையச் சொல்லு. பந்திக்கா தட்டின?"

கயல் தயங்கினாள். "இல்ல அண்ணாச்சி. எங்க ஊர்ல பேய விரட்டத் தட்டுவாங்க."

"அப்ப பேய் நாந்தானா?"

"ஏட்டி, பேய் போயிட்டா?" என்று பக்கத்து இலையிலிருந்து அவர் மனைவி கேட்டார்.

"எங்க போச்சு, அந்தா கறி வாளியோட நிக்குல்லா" என்றார் தங்கபுஷ்பம். செல்லத்துரை அண்ணாச்சியே சிரித்துவிட்டு, கயலின் இலையில் இன்னும் இரண்டு துண்டு போட்டார்.

திரும்பும் பஸ்ஸில் கயல் பர்மிய மொழியில் சொன்னாள்: "அங்கே எத்தனை மாலை தட்டினோம் மாமா. ஒரு கதவும் திறக்கவில்லை. இங்கே தெரியாமல் தட்டினேன். திறந்துவிட்டது."

"அங்கே தட்டியவர்கள் எல்லாம் வீட்டுக்குள் இருந்தோம்" என்றேன். "இங்கே எல்லோரும் வந்து கதவுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள்."

"அங்கேயும் வந்து உட்கார்ந்தார்களே மாமா. சுட்டார்களே."

அது உண்மை. பஸ் சீவலப்பேரியைத் தாண்டியது.

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றாள். "அந்த எண்ணிக்கை சரி."

"சரி. ஐந்தாவது பொருள் கடையில் இல்லை என்று உன் அம்மாவிடம் சொல்லிவிடுகிறேன்."

"இல்லை என்று சொல்லாதீங்க மாமா. இருக்கு, பத்திரமா இருக்கு, இப்போதைக்குத் தர மாட்டாங்களாம்னு சொல்லுங்க." இதை மட்டும் தமிழில் சொன்னாள், அதுவும் திருநெல்வேலித் தமிழில் இல்லை, எங்கள் வீட்டுத் தமிழில்.

19ஆம் தேதி திங்களன்று கிளம்பினேன். அல்வாவை எஸ்தர் டீச்சர் தானே போய் வாங்கி வந்தார். நான் வாங்கினால் பேட்டையில் போய் நிற்பேனாம். கயல் கருப்பட்டியைத் துணியில் கட்டித் தந்தாள். பாய் ஓரம் சிவப்பு.

பனங்கிழங்கை யாங்கோன் விமான நிலையத்தில் எடுத்துக்கொண்டார்கள். மண்ணுக்கடியில் விளைந்தது நாட்டுக்குள் வரக் கூடாதாம். மீதி மூன்றும் தங்கை மேசைக்குப் போய்ச் சேர்ந்தன. சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கயல் சொன்னதை அப்படியே சொன்னேன். அல்வாப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே கேட்டாள்: "நல்லா சாப்பிடுறாளா?" அசனத்தில் இரண்டு முறை சோறு வாங்கினாள் என்றேன். "அப்ப சரி" என்றாள். நீல உறையை மடித்து அலமாரியில் வைத்தாள். எட்டாத தட்டில் அல்ல, கைக்கெட்டும் தட்டில்.

சோதிடரை விட்டுவிட்டால், என் குறிப்பேட்டில் இரண்டு கேள்விக்குறிகள் மீதி இருந்தன. ஒன்று, பாத்திர அறைச் சாவி. நான் கிளம்பிய பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் செல்லத்துரை அண்ணாச்சி அதைத் தங்கபுஷ்பத்திடம் கொடுத்துவிட்டதாக எஸ்தர் டீச்சர் போனில் சொன்னார். கயலும் நேரில் பார்த்ததாகத் தனியாக எழுதினாள். சாட்சி இரண்டு. அந்தக் கேள்விக்குறியை அடித்துவிட்டேன்.

மற்றது, வழக்கு. வார்டு ஆளைத் தேடிப் போய், கையெழுத்துப் போட்டால் வழக்கு மூடப்படும் என்பதை யார் சொன்னது, எழுத்தில் தர முடியுமா என்று கேட்டேன். மேலே கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். மேலே என்றால் யார் என்று கேட்டேன். அதையும் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். கயல்மீது இன்று வழக்கு இருக்கிறதா, இல்லையா என்பது இதை எழுதும் நாள்வரை உறுதி செய்யப்படவில்லை.